உஷார்! 12 லட்சத்துக்கு ஆடி க்யூ7

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வெச்சிருந்த வண்டி. ஷோரூம் கண்டிஷன்." சென்னையில் மேடவாக்கம், வேளச்சேரி, பல்லாவரம் ரேடியல் ரோடு என்று எந்தப் பழைய கார் கன்சல்டிங் வாசலில் நின்றாலும் காதில் விழுகிற வசனம் இது. இந்தப் பக்கம் இத்தனை டாக்டர்கள் காரை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதில்தான் போகிறார்களோ! இன்னோவா பார்க்கப் போனவர் அதே காசுக்கு க்யூ7, பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் எம்எல் என்று வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே டோக்கன் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருகிறார். உங்கள் டோக்கன் இன்னும் பையில்தான் இருக்கிறது என்றால், கொஞ்சம் நில்லுங்கள்.

வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. புதுசில் அறுபது, எழுபது லட்சத்துக்குப் போன வண்டி பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 12 லட்சத்துக்கு வந்து நிற்கலாம். ஆனால் அதன் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் இன்றைக்கும் அந்த எழுபது லட்ச ரூபாய் வண்டிக்கு உரியவைதான். முட்டி உடைந்தால் ஒரு ஹெட்லைட்டே லட்சத்தைத் தாண்டும். டயர் நாலையும் மாற்றினாலும் அதே கதை. பிஎம்டபிள்யூ தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் ஓடுகிறது, நமக்கு அக்கம்பக்கம்தான். அதனால் உங்கள் பழைய எக்ஸ்3க்கு ஸ்பேர் சல்லிசாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

எங்கே செலவு வைக்கும்? முதலில் ஏர் சஸ்பென்ஷன். பெரிய எஸ்யூவிகள் பலவற்றில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். நம்மூர் வெயிலும் முடிச்சூர் ரோட்டுக் குழிகளும் சேர்ந்து அந்த ரப்பரில் வெடிப்பை உண்டாக்கினால் காற்று மெல்லக் கசியும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரஸர் காற்றை ஏற்றி நிமிர்த்திவிடும். ஓயாமல் ஏற்றி ஏற்றி ஒருநாள் கம்ப்ரஸரும் போய்ச்சேரும். விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வண்டியை ஸ்டார்ட்டில் போட்டு வைத்திருப்பார். "ஏசி கூலா இருக்கட்டும்னு போட்டேன் சார்" என்பார். அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் சூடாவதற்கு முன் போய், நான்கு சக்கரத்துக்கு மேலேயும் விரல் விட்டு இடைவெளியைப் பாருங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். "இதுக்கு ஆயிலே மாத்த வேண்டாம் சார், லைஃப்டைம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூ, லேண்ட் ரோவர் உள்பட ஏகப்பட்ட வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் நிறுவனமே 80,000 கிலோமீட்டரிலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்த நிறுவனத்தின் எட்டு கியர் கொண்ட பெட்டிகள் பலவற்றில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. ஃபில்டரை மட்டும் கழற்ற முடியாது, தட்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். சர்வீஸ் பில்லில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு இன்ஜின். 2007 முதல் 2011 வரை வந்த பிஎம்டபிள்யூ என்47 டீசல் இன்ஜினின் டைமிங் செயின் தேய்ந்து அறுந்த கதை உலகப் பிரசித்தம். எக்ஸ்1, எக்ஸ்3 இரண்டிலும் இதே இன்ஜின் வந்தது. அந்தச் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்றுவதற்குள் பாதி வண்டி பிரிந்து கிடக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து சரசரவென்று சத்தம் வந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்புங்கள்.

இதெல்லாம் ஊர் உலகத்துக்கெல்லாம் பொது. நம் பக்கத்துக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது: தண்ணீர்.

2015 நவம்பர், டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போன வீடியோவை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பட்ட பாடு அப்படி. சரி, மேம்பாலம் ஏறாமல் மூழ்கிய வண்டிகள் எங்கே போயின?

பழுது பார்க்கிற செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். சொகுசு வண்டிக்கு இந்த வரம்பைத் தொட இடுப்பளவு தண்ணீர்கூட வேண்டாம். க்யூ7-ன் முதல் மாடலில் பேட்டரியே முன் சீட்டுக்கு அடியில்தான். மற்ற வண்டிகளிலும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயர்க் கட்டுகளும் கார்ப்பெட்டுக்குக் கீழேயும் டிக்கியின் அடியிலும் கிடக்கும். கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர் உள்ளே நின்றாலே போதும். ஏலத்தில் எடுத்தவர் சீட்டைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, வாசனை ஸ்ப்ரே அடித்து, பாலிஷ் போட்டு நிறுத்துவார். ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரிதான் போகும். கனெக்டரில் செம்பு பச்சை பூக்க மாதக்கணக்கு ஆகும். அதற்குள் வண்டி உங்கள் வாசலுக்கு வந்திருக்கும். பிறகு ஒருநாள் வைப்பர் தானாக ஆடும், மறுநாள் சன்ரூஃப் மூடாது, மூன்றாம் நாள் ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி அப்படியே நிற்கும். எந்த வயர் என்று தேடுவதற்கே பில் ஏறும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக், நண்பர் பார்த்து வைத்திருந்த எம்எல்-ஐச் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். பானெட்டை அவர் திறக்கவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது அதில் காய்ந்த வண்டல் நிறத்தில் ஒரு கோடு. "மேல இருக்கிறதெல்லாம் கழுவிடுவாங்க தம்பி. சுருட்டி உள்ள கிடக்கிறத யாரு கழுவுறா?" என்றார். அப்புறம் சீட்டு ரயிலின் திருகாணியைக் காட்டினார், துரு. ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார், அந்தக் குழியின் மூலையில் பொடி மண். கன்சல்டிங்காரர் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ போன் பேச ஆரம்பித்துவிட்டார்.

கண்ணால் பார்ப்பதைவிடக் காகிதம் நன்றாகப் பேசும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள், நடப்பு வருஷத்தை மட்டுமல்ல. கிளெய்ம் செய்யாத ஓனருக்கு நோ கிளெய்ம் போனஸ் வருஷா வருஷம் ஏறி 50 சதவீதம் வரை போகும். 2024 பாலிசியில் திடீரென்று பூஜ்யம் என்றால், முந்தைய வருஷம் எதற்கோ கிளெய்ம் போயிருக்கிறது. வெள்ளம் வந்த டிசம்பர் கிளெய்மா என்று கேளுங்கள். வண்டி கைமாறினாலும் போனஸ் பூஜ்யமாகும்தான். ஆனால் இவர்தான் 'சிங்கிள் ஓனர்' என்று சத்தியம் செய்தாரே!

இப்போது டெல்லியிலிருந்து இங்கே விற்பனைக்கு வருகிற வண்டி. அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்கு டீசலே ஊற்றக் கூடாது என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பதற்றத்தில் 84 லட்சத்துக்கு வாங்கிய மெர்சிடிஸை ஒருவர் இரண்டரை லட்சத்துக்குத் தள்ளிவிட்ட செய்தி வந்தது. அங்கே இரண்டரைக்கு எடுத்தது இங்கே எத்தனைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் டெல்லி ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, கையில் வேண்டும். வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தாம்பரம் ஆர்டிஓவில் டிஎன் 11 நம்பர் வாங்க தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸை நீங்கள்தான் கட்டுவீர்கள். "என்ஓசி வந்துட்டே இருக்கு சார்" என்றால், வந்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

விற்கிற கடைக்கும் சட்டம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்றால், அந்த பிராண்டில் கைதேர்ந்த, கன்சல்டிங்குக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டு, அவருக்குக் கூலி கொடுத்துப் பாருங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் தரப் பல கம்பெனிகள் மறுக்கும். அது இல்லையென்றால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதிப் பணம் உங்களுடையது. பத்து வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்திலும் பாதி. தண்ணீரில் இன்ஜின் போனால் சாதாரண பாலிசி கைகொடுக்காது, 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாகப் போட வேண்டும். பழைய வண்டிக்கு அது கிடைக்குமா என்று டோக்கன் கொடுப்பதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.