காலி டேங்க்கின் கணக்கு: பழைய புல்லட் பெட்ரோல் டேங்க்கைச் சரிசெய்த குறிப்புகள்

அப்பாவின் புல்லட் 1979 மாடல். அவருக்கு முட்டி வலி வந்த பிறகு ஆறு வருஷம் போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வருஷம் ஒருநாள் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், உள்ளே செங்கல் பொடி மாதிரி துரு. டேங்க்கின் அடியில் ஓரிடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கட்டைவிரல் அகலத்துக்குள் மூன்று ஊசித்துளைகள்.

புதுப்பேட்டைப் பக்கம் போனால் வேறு டேங்க் கிடைக்கும், தெரியும். ஆனால் இந்த டேங்க்கின் மேல் ஒரு பொன்னிறக் கோடு இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் அந்தக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டவில்லை, தூரிகை பிடித்துக் கையால்தான் வரைந்தார்கள். அப்பா இந்த வண்டிக்கு இரண்டு முறை எஞ்சின் இறக்கியிருக்கிறார், டயர் எத்தனை மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் டேங்க்குக்கு மட்டும் மறு பெயிண்ட் அடிக்கவிடவில்லை. ஆகவே எனக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான்: கோடு அழியாமல் ஓட்டையை அடைக்க முடியுமா?

இதற்காக ஐந்தாறு மாதம் படித்ததையும் செய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க்தான் ஆபத்து. தகட்டுக்கும் ஆபத்து, மனுஷனுக்கும் ஆபத்து.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். பெட்ரோல் தொட்டுக்கொண்டிருக்கும் தகட்டுக்குத் தண்ணீர் சரியாகக் கிடைக்காது. மேலே காற்று நிற்கும் பகுதிக்கும், அடியில் தண்ணீர் தேங்கும் பகுதிக்கும்தான் பிரச்சினை.

'ராத்திரி குளிரில் டேங்க்குக்குள் ஈரம் படிந்து தண்ணீர் சேரும்' என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். எவ்வளவு சேரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 லிட்டர் காலி டேங்க், பகலுக்கும் இரவுக்கும் 8 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் சிறு துளை வழியாக வெளியே போகும். இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இப்படி ஒரு நாளுக்கு உள்ளே வருவது சுமார் 370 மி.லி. காற்று. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அப்படியானால் நாளுக்கு 8 மில்லிகிராம், வருஷத்துக்கு 3 கிராம் தண்ணீர். அதுவும் அதிகபட்சம். பகலில் ஒரு பங்கு திரும்பி ஆவியாகிவிடும்.

வருஷத்துக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இதற்கா டேங்க் ஓட்டையாகும்?

ஆகும். 1 மி.மீ. கூட கனமில்லாத தகட்டில் 1 மி.மீ. விட்டமுள்ள துளை விழ எவ்வளவு இரும்பு கரைய வேண்டும்? சுமார் 6 மில்லிகிராம். நம்மிடம் இருப்பது கிராம் கணக்கில் தண்ணீர். அது எங்கே உட்கார்கிறது என்பதுதான் விஷயம். புல்லட்டில் டேங்க்கின் நடுவே ஃபிரேம் ஓடுவதற்குக் குழி இருக்கும். இரண்டு பக்கமும் குதிரைமேல் போட்ட மூட்டை மாதிரி தொங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், அந்த இரண்டு மூட்டைகளின் அடியில் போய் நின்றுவிடும்.

துரு ஏன் தகடு முழுக்கச் சமமாகப் பரவாமல் ஊசி மாதிரி இறங்குகிறது? கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்பவர் 1920களில் இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்ச் சொட்டுகளை வைத்து இதை ஆராய்ந்தார். சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும், நடுவுக்குக் கிடைக்காது. இந்த வித்தியாசமே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. அதில் கரைவது ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நடுப்பகுதி! சொட்டின் மையத்தில் குழி விழும். அந்தக் குழிமேல் துரு மூடிக்கொண்டால் ஆக்சிஜன் இன்னும் குறையும், குழி இன்னும் ஆழமாகும்.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், தன் அளவில் ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டிக்கு இது நல்லதுதான், ஈரம் எரிந்து போய்விடும். நிற்கும் வண்டியில் அளவு தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் படியும். இ20 பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கதை அதேதான். மூடியின் வாஷர் தேய்ந்து போய், மழைத்தண்ணீரோ வண்டி கழுவும் தண்ணீரோ இறங்கினால் என் 3 கிராம் கணக்கெல்லாம் ஒன்றுமே இல்லை.

வெல்டர் கேட்ட கேள்வி

டேங்க்கைக் கழற்றி, இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, எங்கள் பகுதியில் கேஸ் வெல்டிங் செய்யும் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் டேங்க்கைத் தொடவே இல்லை.

"தம்பி, இதுல கடைசியா எப்போ பெட்ரோல் இருந்துச்சு?"

"ஆறு வருஷம் ஆச்சுண்ணே. நல்லா அலசிட்டேன்."

"மூடியத் திறந்து மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை. ஆறு வருஷம் கழித்தும்! காய்ந்த பெட்ரோல் பிசின் மாதிரி தகட்டில் ஒட்டியிருக்கும். துருச் செதில்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும்.

"வாடை போனாலும் இதுல நான் நெருப்பு காட்ட மாட்டேன். இன்னும் நல்லா சுத்தம் பண்ணி, தண்ணி நிரப்பி எடுத்துட்டு வாங்க. ஈயம் வச்சுத் தரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதற்கும் கணக்குப் போட்டேன். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். அதற்குக் கீழே ஆவி போதாது, மேலே காற்று போதாது. 14 லிட்டர் டேங்க்கில் இந்த எல்லைக்குள் வரத் தேவையான பெட்ரோல் எவ்வளவு தெரியுமா? தோராயமாக 1 மி.லி.யிலிருந்து 5 மி.லி. வரை. ஒரு தேக்கரண்டி! நிறைந்த டேங்க்குக்குள் ஆவி பெரும்பாலும் அளவு மீறி அடர்த்தியாக இருக்கும். (அதற்காக நிறைந்த டேங்க்கின் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை, வெளியே கசியும் ஆவி பற்றிக்கொள்ளும்.) 'காலியாத்தானே இருக்கு' என்று நாம் அசட்டையாகத் தூக்கிப் போகும் டேங்க்தான் வெடிப்பதற்குச் சரியான கலவையில் இருக்கிறது. அண்ணன் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது.

சுத்தம் செய்த வரிசை

முதலில் பெட்ரோல் பிசின். சோப்புத்தூள் கலந்த வெந்நீர் நிரப்பி, ஒரு நாள் ஊறவைத்து, கொட்டி, மறுபடி நிரப்பி... வாடை துளியும் இல்லாமல் போக ஐந்து முறை ஆனது. இது முடியாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது.

இரண்டாவது, உதிரக்கூடிய துரு. போல்ட், நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். நான் ஒரு பழைய சைக்கிள் செயினைப் போட்டேன். குலுக்கி முடித்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும்.

மூன்றாவது, ஒட்டிப் பிடித்திருக்கும் துரு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும், ஆனால் துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். ஏற்கெனவே மெலிந்த தகடு என்பதால் நான் மின்பகுப்பு முறைக்குப் போனேன். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துளைகளுக்கும் காக் துளைக்கும் ரப்பர் வைத்து அடைத்து, டேங்க் நிறைய இந்தக் கரைசல். மூடி இருக்கும் வாய் வழியாக ஒரு கட்டுமானக் கம்பி, டேங்க்கை எங்கும் தொடாதபடி மரத்துண்டில் மாட்டித் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்க்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதில் டேங்க் கரையும்!

இதில் மூன்று எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் வெளியாகும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வைத்தால் நச்சுத்தன்மை உள்ள குரோமியம் கரைசலில் இறங்கும்.

கம்பிக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் வேலை நன்றாக நடக்கும். அதனால் கம்பியை வளைத்து ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம் என்று வைத்தேன். துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது.

ஈயமா, பிரேஸிங்கா?

பிரேஸிங் ஈயத்தைவிட உறுதி. ஆனால் 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அத்தனை சூட்டில் பெயிண்ட் போகும், கோடும் போகும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும். தகடு பெரிய அளவில் அழுகியிருந்தால் ஈயம் தாங்காது, அழுகியதை வெட்டி எடுத்துப் புதுத் தகடுதான் வைக்க வேண்டும். எனக்கு மூன்று ஊசித்துளைகள், அதுவும் அடியில்.

அண்ணன் செய்தது எளிமையான யோசனை. மூடியில் ரப்பர் வைத்து இறுக்கி, டேங்க்கைத் தலைகீழாகத் திருப்பி, காக் துளை வழியாகத் தண்ணீர் நிரப்பினார். ஓட்டை இருக்கும் அடித்தகடு இப்போது மேலே. அதற்கு ஒரு விரல்கடை கீழே வரை தண்ணீர். காக் துளையைத் திறந்தே விட்டார். ஆவி நிற்க உள்ளே இடமே இல்லை. கோடு போட்ட பக்கம் முழுக்கத் தண்ணீரில் இருப்பதால் அங்கே சூடும் ஏறாது. செம்புக் கட்டையைத் தூரத்தில் காய்ச்சி எடுத்து வந்து, துளைகளைச் சேர்த்து மூடும்படி ஒரு சிறு தகட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். டேங்க்கின் அருகே நெருப்பே வரவில்லை.

கசிவு பார்க்க டயருக்குக் காற்றடிக்கும் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 30 பி.எஸ்.ஐ. காற்று டேங்க்கின் ஒரு பக்கத்தை ஒன்றரை டன்னுக்கு மேல் அழுத்தும், பலூன் மாதிரி உப்பிவிடும். வாயால் ஊதி, சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

உள்ளே பூச வேண்டுமா?

உள்ளே ஊற்றிச் சுழற்றும் எபாக்சி பூச்சுகள் கிடைக்கின்றன. உதிரும் துருவின்மேல் பூசினால் நாளடைவில் தோல் மாதிரி உரிந்து வந்து காக்கை அடைக்கும். எத்தனாலைத் தாங்காத பூச்சுகளும் உண்டு. பூச்சு தகட்டைக் காக்கும், ஆனால் தகடாக மாறாது. நான் பூசவில்லை. பாஸ்பாரிக் அமிலத்தை நீர்க்க விட்டு ஒரு முறை அலசி, உடனே காயவைத்து, 2டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டினேன். 'உடனே' என்பதைக் கவனியுங்கள். சுத்தமான ஈர இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி ஆரஞ்சு நிறமாகிவிடும்.

வண்டியைச் சில வாரங்கள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். விளிம்பு வரை வேண்டாம், 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் 1 சதவீதம் விரியும். வருஷக்கணக்கில் நிற்கப்போகிறதா? முழுசாக வடித்து, காயவைத்து, ஆயில் பூசி மூடுங்கள். 'கொஞ்சம் பெட்ரோல் கிடக்கட்டும்' என்று விடுவதுதான் மோசம். நான் ஆறு வருஷம் செய்தது அதைத்தான்.

டேங்க்கை மாட்டிப் பெட்ரோல் ஊற்றியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து அடியில் விரல் வைத்து, விரலை மோந்து பார்த்தார். பிறகு முன்பெல்லாம் செய்வது போல டேங்க்கை முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார்.

"பாதிதான் இருக்கு, போய் நிரப்பிட்டு வா" என்றார்.