உட்காருபவரை அளந்து செய்யும் நாற்காலி

கையால் தள்ளி ஓட்டும் சக்கர நாற்காலியில் பின்னால் பெரிய சக்கரங்கள் இரண்டு, முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரங்கள் இரண்டு. பெரிய சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 24 அங்குலம். அதன் வெளிப்பக்கத்தில் ஒரு வளையம் பொருத்தியிருக்கும். உட்கார்ந்திருப்பவர் இரண்டு வளையங்களையும் ஒன்றாகத் தள்ளினால் வண்டி நேராகப் போகும். ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலும். எஞ்சின், ஸ்டியரிங், ஓடும்போது பிரேக் எல்லாமே கைகள்தான். ஆகவே அந்தக் கைகள் வளையத்தை எந்தக் கோணத்தில் எட்டுகின்றன என்பதே இந்த இயந்திரத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

மருத்துவமனை வராந்தாக்களில் நிற்கும் மடக்கு நாற்காலிதான் நம் கண்ணுக்குப் பழகியது. முலாம் பூசிய இரும்புக் குழாய், ரெக்சின் இருக்கை, தள்ளுபவருக்கு முதுகுப்புறம் இரண்டு கைப்பிடிகள், எடை சுமார் 18 கிலோ. நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு இன்னொருவர் தள்ளிப் போக அது போதும். அதே நாற்காலியை ஒருவர் காலையிலிருந்து இரவு வரை, வருடக்கணக்கில், தானே ஓட்ட வேண்டும் என்னும்போதுதான் சிக்கல். இந்த மடக்கு வடிவம் 1933-ல் அமெரிக்காவில் பிறந்தது. சுரங்க விபத்தில் கால்கள் செயலிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவருடைய நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸும், காரில் மடித்து வைத்துக்கொள்ளும்படி இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குழாய்களைக் கோத்து அதை உருவாக்கினார்கள். உட்காருபவர் ஒருவரின் தேவையில் தொடங்கிய வடிவம், பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே அளவாகிப்போனது.

இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் சக்கர நாற்காலிகள் விற்பனையாகின்றன, அவற்றில் இரண்டரை லட்சம் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, 100-ல் 95 ஒரே அளவில் செய்தவை என்று ஐஐடி மெட்ராஸ் 2021-ல் தெரிவித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் 54 லட்சத்துக்கும் மேல். எல்லோருக்கும் நாற்காலி வேண்டியதில்லை. வேண்டியவர்களின் இடுப்பும் காலும் முதுகும் நிச்சயமாக ஒரே அளவில் இல்லை.

அளவு என்றால் முதலில் இடுப்பின் அகலம். இருக்கை அதைவிட ஓரிரு அங்குலம் கூடினால், சக்கரத்தை எட்டக் கைகளை வெளியே விரிக்க வேண்டும். தோள்பட்டை மூட்டு அந்த நிலையில் ஆயிரக்கணக்கான முறை சுமை தாங்கத் தோதானதல்ல. நீண்டகாலம் நாற்காலி ஓட்டுபவர்களிடம் தோள்வலி சாதாரணமாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது தொடையின் நீளம். இருக்கை நீளமாக இருந்தால் முழங்கால் மடிப்பில் அழுத்தும். அதைத் தவிர்க்க உட்காருபவர் முன்னே சரிவார், முதுகு கூன் விழும். கால் மிதி அதிக உயரத்தில் இருந்தால் முழங்கால்கள் தூக்கிக்கொள்ளும், உடல் பாரம் முழுவதும் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கும். தண்டுவடம் அடிபட்டவருக்கு அங்கே உணர்ச்சி இருக்காது. மற்றவர்கள் தெரியாமலே நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறி உட்காருகிறார்கள். அவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. ரத்த ஓட்டம் தடைப்பட்டு அழுத்தப் புண் உண்டாகும். அது மாதக்கணக்கில் ஆறாது, சில சமயம் உயிரையே வாங்கிவிடும். மெத்தையும் அளவும் வசதிக்காக என்று நினைப்பவர்கள் இந்த ஒரு புண்ணைப் பார்த்தால் போதும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு, ஓட்டுநர் எங்கே படுப்பார், கை எங்கே எட்டும், சாமான் எங்கே வைப்பார் என்று கேட்டுக் கேட்டே கேபினை முடிக்கிறார்கள். சக்கர நாற்காலிக்கும் அப்படிக் கேட்டாக வேண்டும்.

அளவுக்கு அடுத்தது அச்சு. பெரிய சக்கரத்தின் அச்சு உடலின் ஈர்ப்பு மையத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதில்தான் நாற்காலியின் சுபாவமே இருக்கிறது. மருத்துவமனை நாற்காலியில் அச்சு முதுகுச் சட்டத்துக்கு நேர் கீழே இருக்கும். பின்னால் கவிழாது என்பது உண்மை. ஆனால் பாரத்தில் பெரும் பங்கு முன்னால் உள்ள சிறு சக்கரங்களில் விழுகிறது. சக்கரம் சிறுத்தால் உருளும் தடை கூடும். மண்ணில் அது புதையும், கல்லில் முட்டி நிற்கும். அச்சைச் சில சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் பாரம் பெரிய சக்கரங்களுக்கு மாறும், தள்ளும் சிரமம் குறையும், முன்சக்கரங்களைச் சட்டென்று தூக்கி வாசற்படியைத் தாண்டலாம். அளவு மீறி நகர்த்தினால் வண்டி மல்லாந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரின் எடையையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் அச்சை வைக்க வேண்டும். உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான கோணம் 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக வேண்டியிருக்கிறது. இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முதன்மைக் காரணங்கள் உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும். தென்னை ஏறும் பரமத்திவேலூர்ப் பக்கத்திலும், ஆழமான திறந்த கிணறுகள் உள்ள காடுகழனிகளிலும், சேலத்தையும் நாமக்கல்லையும் இணைத்துச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலும் இந்த இரண்டு ஆபத்துகளும் அன்றாடம் இருக்கின்றன. அடிபட்டவர் திரும்பிப் போகும் வீடு தார்ச்சாலையில் இருப்பதில்லை. சரளை பரப்பிய காட்டுப் பாதை, மழை பெய்தால் ஒட்டும் செம்மண், உயர்ந்த வாசற்படி, குறுகிய குளியலறைக் கதவு. விமான நிலையத் தரைக்கென்று செய்த நாற்காலி அங்கே நாலு நாள் தாங்காது.

இத்தகைய சிக்கல்களுக்கு விடை தேடும் இடங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில், டிடிகே பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி ஆதரவுடன் மறுவாழ்வுக் கருவிகளுக்கான ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. அதை நடத்துபவர் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன். மாணவர்களும் இளம் பொறியாளர்களும் சேர்ந்து வேலை செய்யும் இந்த மையத்திலிருந்து 2019 நவம்பரில் வெளிவந்தது ‘அரைஸ்’ என்னும் நிற்கும் சக்கர நாற்காலி. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் நிதி உதவியது. அறிமுகமானபோது விலை சுமார் 15,000 ரூபாய்.

உட்கார்ந்தவரை நிற்க வைப்பது கேட்பதற்கு எளிது. மோட்டார் வைத்தால் முடிந்துவிடும், ஆனால் விலையும் எடையும் எகிறிவிடும். அரைஸில் மோட்டார் கிடையாது. இருக்கை, முதுகு, கால் தாங்கி மூன்றும் தண்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கையால் இயக்கினால் மூன்றும் ஒன்றாக எழும்பும். உடல் பாரத்தை ஸ்பிரிங் சமன் செய்கிறது. உட்காருபவரின் எடைக்கேற்ப அந்த ஸ்பிரிங்கைச் சரிப்படுத்திவிட்டால், 60 கிலோ உடலைத் தூக்கக் கைக்குச் சிறிய விசையே போதும். தண்டுகளின் நீளத்தைக் கணக்கிடுவதுதான் இதில் மூளை வேலை. நாற்காலி எழும்பும்போது அதன் மூட்டு மனித முழங்காலோடு ஒத்துச் சுழலாவிட்டால், முதுகுச் சாய்வு சட்டையை மேலே இழுத்துக்கொண்டு தோலை உரசும். உணர்ச்சியற்ற தோலில் அந்த உரசலும் புண்தான். நிற்பதால் ரத்த ஓட்டம், எலும்பின் வலு, செரிமானம் எல்லாவற்றுக்கும் பயன் உண்டு. அலமாரியின் மேல்தட்டைத் தானே எட்டலாம், எதிரே நிற்பவரின் முகத்தை நிமிராமல் பார்க்கலாம் என்பது மருத்துவக் குறிப்புகளில் வராத பயன்.

2021-ல் அதே மையத்திலிருந்து ‘நியோஃப்ளை’ நாற்காலியும் ‘நியோபோல்ட்’ என்னும் இணைப்பு வண்டியும் வந்தன. இவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்த நியோமோஷன் நிறுவனத்தைப் பேராசிரியருடன் சேர்ந்து தொடங்கியவர், அங்கே படித்த ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ். நியோஃப்ளையை உட்காருபவருக்கேற்ப 18 விதங்களில் மாற்றியமைக்கலாம். மேலே சொன்ன அகலம், அச்சு, மிதி உயரம் போன்றவையே அந்த மாற்றங்கள். நியோபோல்ட் என்பது கைப்பிடி, மோட்டார், லித்தியம் அயான் பேட்டரி கொண்ட ஒற்றைச் சக்கர முன்பகுதி. அதை நாற்காலியின் முன்னால் பூட்டினால் சிறு சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைக்கும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். போன இடத்தில் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். ஸ்கூட்டியில் பக்கச் சக்கரம் மாட்டி ஓட்டுபவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்: வண்டியை விட்டு இறங்கியதும் அவர்களுக்கு வேறொரு நாற்காலி வேண்டும். அறிமுகமானபோது நாற்காலி சுமார் 40,000, இணைப்பு 55,000 ரூபாய். காடுகழனிக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் இந்த இணைப்பு வண்டியில் உணவு டெலிவரி வேலைக்குப் போனவர்கள் உண்டு. அதே மையம் 2025-ல் வெளியிட்ட ‘ஒய்டி ஒன்’ நாற்காலியின் எடை சுமார் 9 கிலோ, பழைய மடக்கு நாற்காலியில் பாதி.

மாணவப் பருவத்தில் தொடங்கும் வேலைகள் இந்தத் துறையில் வேறிடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966-ல் கல்லூரி மாணவராக இருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்த நிலைக்கு ஆளானார். பின்னர் ஏழை நாடுகளின் சிறு பட்டறைகளிலேயே செய்யக்கூடிய நாற்காலிகளை வடிவமைத்து, 1989-ல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். அவருடைய அமைப்பின் வழியாக 2005-ல் தான்சானியா போன எம்ஐடி மாணவர் ஏமஸ் வின்டர், நெம்புகோலால் இயங்கும் நாற்காலி ஒன்றை உருவாக்கினார். நெம்புகோலின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் மேட்டில் ஏறும் விசை. கீழே பிடித்தால் சமதரையில் வேகம். கியரை மாற்றுவது கை நகரும் இடம். கிழக்கு ஆப்பிரிக்காவில் முதல் மாதிரியை ஓட்டியவர்கள், கரடுமுரடான பாதையில் நன்றாகப் போகிறது, வீட்டுக்குள் கதவில் நுழையவில்லை, கனமும் கூடுதல் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதிரி சாதாரண நாற்காலியின் அகலத்துக்கு ஒடுங்கியது. ஜெய்ப்பூர் கால் அமைப்புடன் சேர்ந்து இந்தியாவிலும் அதைச் சோதித்தார்கள். காட்டில் ஓட்டிப் பார்த்த பொறியாளருக்குத் தோன்றாத கதவு, குடியிருப்பவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

இத்தகைய மாணவர் ஆய்வுகளுக்கு விருதுகளும் இருக்கின்றன. அகமதாபாத்தின் சிருஷ்டி அமைப்பு 2012 முதல் காந்திய இளம் தொழில்நுட்பப் புதுமை விருதுகளை வழங்கிவருகிறது. சேலம், நாமக்கல் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளிலும் உயிர்மருத்துவப் பிரிவுகள் நடக்கின்றன, இறுதியாண்டு புராஜெக்டுகளில் கையசைவில் ஓடும் நாற்காலி என்பது வாடிக்கையான தலைப்பு. மேடையில் ஓடும் மாதிரிக்கும் கடையில் விற்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் பலருக்குத் தெரிவதில்லை. டெல்லி ஐஐடியில் 2005-ல் பாடப்பயிற்சியாக ரோகன் பாலும் சக மாணவர்களும் தொடங்கிய ‘ஸ்மார்ட்கேன்’, பார்வையற்றோரின் ஊன்றுகோலில் பொருத்தும் மீயொலிக் கருவி. முழங்காலுக்கு மேலே வரும் தடைகளை அதிர்வால் உணர்த்தும் அது, விற்பனைக்கு வந்தது 2014-ல். அதைத் தயாரித்ததும் அதே ஃபீனிக்ஸ்தான்.

நாற்காலிக்கு அந்தத் தூரத்தை அளக்க ஐஎஸ்ஓ 7176 என்ற தர வரிசை உண்டு. இரும்புப் பட்டை பதித்த இரண்டு உருளைகள்மேல் மனித எடையுள்ள பொம்மையுடன் நாற்காலியை ஓடவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பட்டை சக்கரத்தில் இடிக்கும். 2 லட்சம் சுற்று தாங்க வேண்டும். பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே போடுவார்கள். வெல்டிங் விரிந்தாலோ முன்சக்கர ஃபோர்க் வளைந்தாலோ தோல்வி. மாணவர் மாதிரிகள் அநேகமாக இங்கேதான் உடைகின்றன.

வாங்கிய பிறகு பராமரிப்பு பெரும்பாலும் ஊரிலேயே முடியும். ட்யூப், ஆரக்கம்பி, பேரிங் ஆகியவற்றை சைக்கிள் கடையில் பார்த்துக்கொள்ளலாம். டயரில் காற்று குறைந்தால் தள்ளும் சிரமம் கூடுவதோடு நிறுத்து பிரேக்கும் பிடிக்காது, ஏனெனில் அது டயரை அழுத்தியே நிற்கிறது. இரும்புச் சட்டத்தில் விரிசல் விட்டால் திருச்செங்கோட்டிலோ சங்ககிரியிலோ உள்ள எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். அலுமினியச் சட்டத்தை அப்படித் தொடக்கூடாது, வெப்பத்தில் அதன் வலு போய்விடும், பாகத்தை மாற்றுவதே முறை. வளரும் குழந்தையின் நாற்காலியை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி அளந்து, மிதியையும் இருக்கை நீளத்தையும் மாற்றிவைக்க வேண்டும்.