அடிபட்ட கூகைக்கு ஸ்டீராய்டு ஊசியா?

எலியைத் துரத்தித் தாழப் பறக்கும் கூகைகள் இரவில் நெடுஞ்சாலை வண்டிகளில் மோதி விழுகின்றன. உயிரோடு மருத்துவரிடம் வந்து சேர்பவற்றுக்குப் பெரும்பாலும் தலையில் அடி, கூடவே கண்ணிலும் காயம். ஒரு காலத்தில் இப்படி வரும் பறவைக்கு முதலில் போட்டது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மூளை வீக்கம் வற்றும், அதிர்ச்சி தணியும் என்பது நம்பிக்கை. இன்று வனவிலங்கு மருத்துவர்கள் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

மனித மருத்துவத்திலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது. அதன்பின் வீக்கம் என்றாலே ஸ்டீராய்டு என்றாகிவிட்டது. தலைக்காயத்துக்கு அது உண்மையிலேயே உதவுகிறதா என்று 10,008 பேரிடம் சோதித்துப் பார்த்தது ‘கிராஷ்’ ஆய்வு. 2004-ல் முடிவு வெளியானது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் இறந்தவர்கள் 17.9 சதவீதம்தான். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

பறவைக்கு ஆபத்து இன்னும் பெரிது. மனிதர் கையில் சிக்கிய சில நிமிடங்களிலேயே அதன் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோனை ரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. அதுவும் ஸ்டீராய்டுதான். அதன்மேல், மனித உடலில் சுரக்கும் கார்டிசோலைவிட ஏறக்குறைய 25 மடங்கு வீரியமுள்ள டெக்ஸாமெத்தசோனையும் ஏற்றினால் நோய் எதிர்ப்பு படுத்துவிடும். அந்த நேரத்துக்காகவே காத்திருப்பதுபோல ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கிறது. ஈர வைக்கோல், புழுத்த தானியம், கூண்டின் மூலைத் தூசி என எங்கும் அதன் வித்துகள் உண்டு. பறவையின் நுரையீரலைத் தாண்டிக் காற்றுப்பைகள்வரை அவை போய்விடும். காற்றுப்பையின் சவ்வில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதனால் எதிர்ப்பு அணுக்களும் அங்கே எளிதில் எட்டுவதில்லை, மருந்தும் எட்டுவதில்லை. குரல் கம்மி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். தலைக்காயத்திலிருந்து தேறிய பறவை, பிழைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்கும்போது பூஞ்சையால் இறப்பது பெரிய கொடுமை.

கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு விடுவதற்கு முன்னால் ஒரு சிறு சோதனை கட்டாயம். ஃபுளோரசின் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல விளக்கடியில் பார்ப்பார்கள். கருவிழியில் கீறல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். அப்படி ஒளிர்ந்தால் ஸ்டீராய்டு சொட்டு கூடவே கூடாது. புண் ஆறாமல் ஆழமாகி, கண்ணே போய்விடலாம். கூகை காதை வைத்தே இரை பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் காட்டில் வாழக் கண்ணும் வேண்டும்.

விலங்குக்கு விலங்கு கதை மாறுகிறது. முயலுக்குச் சிறிதளவு ஸ்டீராய்டே எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துவிடும். உள்ளே அடங்கிக் கிடந்த பாஸ்டுரெல்லா கிருமி தலைதூக்கும். நிறைசினை மானுக்குப் போட்டால் குட்டியை முன்கூட்டியே ஈன்றுவிடலாம். அசைபோடும் விலங்குகளில் பிரசவத்தைத் தொடங்கி வைப்பதே வயிற்றிலுள்ள குட்டியின் கார்டிசோல்தான் என்று 1960-களில் செம்மறியாடுகளில் காட்டினார் நியூசிலாந்து மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ். அதே சமயம், கணையக் கட்டியால் சர்க்கரை அளவு சரிந்து மயங்கி விழும் ஃபெரட் என்ற சிறு வளர்ப்பு விலங்குக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நல்ல துணை. நோய் இன்னதென்று உறுதியானபின் கொடுப்பதால் அங்கே அது வேலை செய்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது, ஒரு முறை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசிகள். தினமும் பிடித்து மருந்து புகட்ட முடியாத காட்டு விலங்குக்கு இது வசதி என்று தோன்றும். ஆனால் தீங்கு தெரிந்தபின் திரும்ப எடுக்க வழியில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. மனிதருக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சுரப்பியைத் தட்டி எழுப்பலாம். காட்டில் விட்டுவிட்ட விலங்குக்கு யார் குறைத்துக் கொடுப்பது? பசியோ, எதிரியோ, மழையோ வரும்போது அதன் உடம்பு ஈடுகொடுக்க வேண்டும். அதற்குரிய சுரப்பி தூங்கிக்கொண்டிருந்தால், விடுதலை என்று நாம் சொல்வது அதற்குச் சாவாகிவிடும்.

அடிபட்ட பறவைக்கு முதலில் வேண்டியவை இருட்டு, அமைதி, பிராணவாயு, அளவோடு திரவம். வலிக்கு மெலாக்சிகாம் போன்றவை உண்டு. அதையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் வரலாம்.

வீட்டுப் பறவைகளுக்கும் இதுவே பொருந்தும். தோல் அரிப்புக்கு நாம் வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கூண்டுப் பறவையின் இறக்கையடியில் தடவினால், அது அலகால் கோதி அத்தனையையும் விழுங்கிவிடும். ஏற்கெனவே தடவியிருந்தால், மருத்துவரிடம் போகும்போது அந்தக் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் தடவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.