முற்றத்தைச் சூழ்ந்த இல்லம்

ஒத்தக்கடையைக் கடந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை நம்மைச் செட்டிநாட்டிற்குக் கொண்டு சேர்க்கிறது. கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் எழுப்பிய இல்லங்கள் இன்றும் காண்போரை வியக்கச் செய்கின்றன.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் அங்கே வட்டித்தொழில் நடத்தி ஈட்டிய பொருள் இவ்வீடுகளாக உருவெடுத்தது. தூண்களுக்குப் பர்மாத் தேக்கும் தரைக்கு இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்தன. எனினும் வீட்டின் அமைப்பு நம் மண்ணுக்குரியதே. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் பல. நடுமுற்றம் காற்றும் வெளிச்சமும் தருவதோடு, ஓட்டுச் சரிவில் இறங்கும் மழைநீரையும் ஏற்கிறது. சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் கோடையிலும் குளிர்ச்சி காக்கின்றன.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மைந்தர்க்கு ஒவ்வொன்றாய் உரியவை. ஒரே கூரையின்கீழ் அவர்கள் தனித்தனியே உலை வைத்தனர். நல்லதும் கெட்டதும் முற்றத்தில் பொதுவாயின.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குச் சென்றதும் செல்வம் கரைந்தது. பங்காளிகள் பெருகினர். பழுதுபார்க்க ஒருமனம் வாய்க்காத வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது சிறிது ஆறுதலே.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. நம் சிறு வீடுகளில் முற்றம் இல்லாதிருக்கலாம். மாலை செபத்திற்கு அனைவரும் கூடும் ஓரிடமாவது இருக்கட்டும்; சொத்து குறித்துப் பேச நேரும் நாளிலும் உடன்பிறந்தோர் அங்கேயே அமர்ந்து பேசுவார்களாக!