மருத்துவரின் மனச்சுமை

நோயாளியின் துயரை மருத்துவர் கேட்கிறார். மருத்துவரின் துயரைக் கேட்பார் யார்? இவ்வினாவுக்கு விடை தேடியவருள் மைக்கேல் பாலின்ட் குறிப்பிடத்தக்கவர். 1896-இல் புடாபெஸ்டில் பிறந்த இவ்வுளநூலறிஞர், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், துணைவியார் ஈனிடுடன் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் பொது மருத்துவர் சிலரை வாரந்தோறும் கூட்டினார்.

ஒருவர், ஏடு எதனையும் புரட்டாமல், தம் மனத்தை உறுத்தும் நோயாளி ஒருவரைப் பற்றிக் கூறுவார். என்ன மருந்து கொடுப்பது என்பதன்று அங்கே பேச்சு. இந்நோயாளியைக் கண்டால் எரிச்சல் மூள்வதேன்? இன்னொருவரை எண்ணி உறக்கம் கெடுவதேன்? இவற்றையே அனைவரும் சேர்ந்து ஆராய்வர். அறிவுரை கூறுவார் இல்லை. (நம் ஆசிரியர் அறைகளுக்கும் இம்முறை ஏற்கும் என்பேன்.) மருத்துவரே ஒரு மருந்து, அம்மருந்தின் அளவோ தீங்கோ எந்நூலிலும் எழுதப்படவில்லை என்பது, 1957-இல் வெளிவந்த பாலின்டின் நூற்கருத்து. இத்தகைய குழுக்கள் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவின.

ஆயினும், பேசி இறக்கவியலாத சுமையும் உண்டு. நீண்ட பணிநேரத்தையும் நிலையற்ற வேலையையும் எக்குழுவும் மாற்றிவிடாது. மலேசியாவில் 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடை அணிந்து மருத்துவமனைகளினின்றும் வெளிநடந்தது, நிரந்தரப் பணி கேட்டே.