பாட்டியின் பெயர் என்ன?

உங்கள் பாட்டியின் பெயர் என்ன? உடனே சொல்லிவிடுவீர்கள். சரி, அந்தப் பாட்டியைப் பெற்றவரின் பெயர்? கொஞ்சம் யோசிக்கிறீர்கள், அல்லவா? வெட்கப்பட வேண்டாம், சகோதரி! என் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டபோது பாதிப் பெண்கள் விழித்தார்கள்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் சித்திரமும் தையலும் கற்றுக் கொடுப்பவள். சரித்திர ஆசிரியை ஒரு நாள் என்னிடம் வந்து, "பெண்கள் ஓட்டுரிமை பெற்ற பாடம் நடத்துகிறேன். அதைப் பற்றி ஏதாவது படம் வரையச் சொல்லுங்களேன்" என்றார். சொன்னேன். கொடி பிடித்த பெண்களைப் புத்தகத்தில் பார்த்து அழகாக வரைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், மார்க்கும் வாங்கினார்கள். அடுத்த வாரம், "அந்தப் பெண்கள் யார்? எதற்காகக் கொடி பிடித்தார்கள்?" என்று கேட்டேன். ஒருத்திக்கும் நினைவில்லை! பார்த்து வரைந்தால் கை பழகும். மனம் பழகுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு பழைய துணியின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பது கையொப்பங்கள்

1909-ஆம் ஆண்டில், மாரியன் வாலஸ் டன்லப் என்ற சித்திரக்காரி லண்டன் பார்லிமெண்டுக் கட்டடத்துக்குள் நுழைந்து, குடிமக்களின் உரிமையைக் கூறும் ஒரு பழைய சட்ட வாசகத்தை ரப்பர் முத்திரையால் சுவரில் பதித்துவிட்டார். பரிசாகக் கிடைத்தது ஹாலோவே சிறை! தம்மை அரசியல் கைதியாக நடத்தவேண்டும் என்று கேட்டு அங்கே உண்ணாவிரதம் இருந்தார். 91 மணி நேரம் கழித்து அவரை விட்டுவிட்டார்கள். அவரைப் பின்பற்றி மற்றப் பெண்களும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, சர்க்கார் குழாய் வழியே பலவந்தமாக ஆகாரம் புகட்டத் தொடங்கியது.

கிளாஸ்கோ கலைப் பள்ளியில் பூத்தையல் கற்றுக்கொடுத்து வந்தவர் ஆன் மெக்பெத். இப்படிப் பட்டினி கிடந்த 80 பெண்களின் கையொப்பங்களைத் துண்டுத் துணிகளில் நூலால் பின்னி, ஒன்றாய் இணைத்து, 1910-இல் ஒரு விரிப்பு உருவானது. அதன் அமைப்பு அவருடையது. விரிப்பாகப் பிறந்த அந்தத் துணி, அதே ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ஊர்வலத்தில் கொடியாக நிமிர்ந்து சென்றது! இன்றும் லண்டன் மியூசியத்தின் வசம் இருக்கிறது.

"பெண்ணுக்குத் தையல் தெரிந்தால் போதும்" என்று நினைத்த காலம் அது. அந்தத் தையலைக் கொண்டே தங்கள் பெயரை ஊரறிய எழுதிவிட்டார்கள், பார்த்தீர்களா? 1918-இல் முப்பது வயதைக் கடந்த பெண்களில் சொத்துத் தகுதி முதலியன உள்ளவர்களுக்கும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாகவும் அங்கே ஓட்டுரிமை கிடைத்தது.

நமக்கும் இந்தக் கதைக்கும் உறவு உண்டு. அதே ஹாலோவே சிறையில் 1910-இல் இருந்த ஐரிஷ் மாது மார்கரெட் கஸின்ஸ், 1915-இல் இந்தியாவுக்கு வந்தார். 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டே சரோஜினி தேவியின் தலைமையில் ஒரு தூதுக்குழு, சென்னைக்கு வந்திருந்த மாண்டேகு துரையைக் கண்டு பெண்களுக்கு ஓட்டுக் கேட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை சம்மதித்தது. சொத்தும் வரியும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபையின் உதவித் தலைவராகவே அமர்ந்தார்.

கும்பகோணத்துப் பாட்டி

கதை முடிந்ததும் ஆளுக்கொரு சாண் காடாத் துணி கொடுத்தேன். "வீட்டில் மூத்த ஒரு பெண்மணியிடம் பென்சிலைக் கொடுத்து, இதில் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். பெயரை நீங்கள் எழுதுங்கள். காலமாகிவிட்டவர் பெயரானாலும் சரி. அதன்மேல் காம்புத் தையல் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

துணிகள் வந்தன. நடுங்கும் எழுத்துக்கள், ஒற்றைக் கொம்பை மறந்த எழுத்துக்கள், ஒரு கட்டை விரல் ரேகை... ஒரு பெயரைத் தைக்க ஒரு மணி நேரம் ஆகிறது, அம்மா! அந்த ஒரு மணி நேரமும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தான் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினாள், முதல் ஓட்டை யாரோடு போய்ப் போட்டாள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு பெண் மட்டும் வெறுந்துணியோடு வந்தாள். கொள்ளுப் பாட்டியின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லையாம். எல்லோருக்கும் அவள் "கும்பகோணத்துப் பாட்டி"தான். பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், அதிலும் இன்னாருடைய பாரியாள் என்றுதான் இருந்ததாம்.

"ஊர்ப் பெயரைத் தைத்துவிடட்டுமா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"அது ஊரின் பெயராச்சே! பாட்டியின் பெயர் இல்லையே?" என்றாள் அடுத்த பெஞ்சுக்காரி.

நான் வாய் திறக்கவில்லை. அவர்களே பேசி முடிவு செய்தார்கள். ஓரம் மட்டும் தைத்து, நடுவை வெறுமையாக விட்டார்கள். என்றைக்காவது பெயர் கிடைத்தால் தைக்க இடம் வேண்டாமா?

அப்போதுதான் இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் நம் நாட்டில் சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்கள். அவர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர், 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று சொன்னார்களே தவிர, தங்கள் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் வட மாநிலத்தவர். சட்டம் உரிமையைக் கொடுத்தும், பெயரில்லாததால் பட்டியலிலிருந்து அவர்களை நீக்கவேண்டியதாயிற்று. வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். எல்லார் கண்ணும் அந்த வெறுஞ் சதுரத்தின்மேல் இருந்தது. பரீட்சைக்கு வேறு எதை மறந்தாலும் இதை அவர்கள் மறக்கவில்லை.

நீங்களும் இதைச் செய்யலாம். ஒரு சாண் துணி, ஊசி, இரண்டு இழை நூல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவ்வளவுதான் செலவு. பெண்ணுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். பையன் கையிலும் ஊசியைக் கொடுங்கள். பெரியவர் பெயரைச் சொல்லக் கூசினாலும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.