நீரேற்று மின்திட்டங்களும் கணக்கில் வராத குடும்பங்களும்

பகலில் மிகும் சூரிய மின்சாரத்தால் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவை மிகும் இரவில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பதே நீரேற்றுப் புனல் மின்திட்டம். இதனை ஊக்குவிக்க ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2023 ஏப்ரலில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய சட்டமன்று இது. பிற புனல் மின்திட்டங்கள் மாநிலத்திற்கு அளிக்கும் இலவச மின்சாரத்திலிருந்து இவற்றுக்கு விலக்கு உண்டு. உள்ளூர் வளர்ச்சி நிதியும் தேவையில்லை. கூறப்படும் காரணம்தான் கவனத்திற்குரியது: ஆற்றைவிட்டு விலகி அமைபவை என்பதால் மறுவாழ்வுச் சிக்கலே இல்லையாம்.

ஆற்றைவிட்டு விலகலாம்; நிலத்தைவிட்டு விலக முடியுமா? நீர்த்தேக்கங்களும் சாலையும் மின்கம்பித் தடமும் யாரோ ஆடு மேய்த்த, விறகு பொறுக்கிய, கூலிக்கு உழுத மண்ணில்தான் அமைகின்றன. நிலமற்றவராயினும், நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்நிலத்தை முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் ஏற்கிறது. தலித் கூலிக் குடும்பங்களுக்கு இது பெரும் பிடிமானம். ஆனால் அரசுப் புறம்போக்கை எவரும் கையகப்படுத்த வேண்டியதில்லை. ஒதுக்கீடு செய்தாலே போதும். அப்போது அந்தச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடும் இல்லை, குடும்பப் பட்டியலும் இல்லை. பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைக்கும். புறம்போக்கை நம்பிப் பிழைத்தவரின் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறாது.